புல்லாங்குழல் மாலி: விருதுகள் தவறவிட்டதை ஒலிநாடாக்கள் காப்பாற்றின

2026ஆம் ஆண்டு கர்நாடக இசை உலகில் இரண்டு நினைவுகளை ஒன்றாகக் கொண்டுவருகிறது. புல்லாங்குழல் கலைஞர் டி.ஆர். மகாலிங்கம் பிறந்து 100 ஆண்டுகள் நவம்பர் 6ஆம் திகதி நிறைவடைகின்றன. அவர் மறைந்து 40 ஆண்டுகள் அதே ஆண்டின் மே 31ஆம் திகதியுடன் முடிகின்றன. ரசிகர்களுக்கு அவர் வெறும் மாலி. தமிழ்நாட்டில் இன்னும் ஃப்ளூட் மாலி என்றே சொல்கிறார்கள்.

டி.ஆர். மகாலிங்கம் என்றவுடன் எம்மில் பலருக்கு முதலில் நினைவு வருவது 1945இல் வெளியான ஸ்ரீ வள்ளி படத்தில் நடித்துப் பாடிய நடிகர்தான். அவர் சோழவந்தான் பக்கத்துத் தென்கரையைச் சேர்ந்தவர். ஆனந்த விகடனில் கேலிச்சித்திரம் வரைந்து புகழ்பெற்ற மாலி வேறொருவர். இக்கட்டுரையின் நாயகர் இவர்கள் இருவரும் அல்லர். இவர் தஞ்சாவூர் மண்ணில் பிறந்து, குழலை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு வாத்தியத்தின் வரலாற்றை இரண்டாகப் பிரித்தவர். கர்நாடக இசையில் புல்லாங்குழலைப் பற்றிப் பேசும் எவரும் மாலிக்கு முன், மாலிக்குப் பின் என்றுதான் பேசுகிறார்கள்.

நாவலப்பிட்டியில் இருந்துகொண்டு மாலியைப் பற்றி எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மலையகத்தில் கலைஞர்களை நாம் நினைவுகூரும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். பொன்னாடை, மாலை, மேடையில் நான்கு உரைகள், ஒரு நினைவுச் சின்னம். அத்துடன் எல்லாம் முடிந்துவிடும். அந்தக் கலைஞர் வாசித்தது எப்படி இருந்தது என்று பத்து ஆண்டுகள் கழித்து ஒரு பிள்ளை கேட்டால் காட்ட எதுவும் இருக்காது. மாலியின் கதை இதற்கு நேர் எதிரானது. அவர் பெரிய விருதுகளைப் பெறவில்லை, அல்லது பெற மறுத்தார். ஆனால் அவரது வாசிப்பு இன்றும் இருக்கிறது. அது எப்படி நடந்தது என்பது நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விடயம்.

மாலிக்கு முன்

புல்லாங்குழல் பழைய வாத்தியம். சங்க இலக்கியத்திலும் சிலப்பதிகாரத்திலும் குழல் இருக்கிறது. கோயில் சிற்பங்களில் கண்ணன் கையில் இருக்கிறது. ஆனால் கர்நாடக இசைக் கச்சேரி மேடையில் தனி வாத்தியமாக அது அமர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதைச் செய்தவர் கும்பகோணத்தைச் சேர்ந்த சரப சாஸ்திரி. 1872இல் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே கண்பார்வையை இழந்தவர். பாட்டுக்குத் துணையாக ஓரத்தில் இருந்த குழலை, கீர்த்தனைகளை முழுமையாக வாசிக்கும் முதன்மை வாத்தியமாக மாற்றினார். 1904இல், 32 வயதில் காலமானார்.

அவரது மாணவர் பல்லடம் சஞ்சீவராவ். 1882இல் பிறந்து 1962 வரை வாழ்ந்தவர். குருவிடமிருந்து பெற்ற வாத்தியத்தைச் சபாக்களுக்கும் இசைத்தட்டுக்கும் வானொலிக்கும் கொண்டுசென்றார். 1943இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. திருவையாற்றில் ஆண்டுதோறும் நடக்கும் தியாகராஜ ஆராதனையில், பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடத் தொடங்குமுன் குழல் கலைஞர்கள் பைரவி ராகத்தில் சேதுலாரா என்ற கீர்த்தனையை வாசிப்பது வழக்கம். சஞ்சீவராவின் பெயருடன் சேர்த்தே சொல்லப்படும் இந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

ஆக, மாலி பிறக்கும்போது குழலுக்கு ஒரு மரியாதையான இடம் ஏற்கெனவே கிடைத்திருந்தது. ஆனால் ஒரு குறை இருந்தது. மூங்கிலில் போட்ட துளைகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சுரத்தைக் கொடுக்கும். துளையை மூடினால் ஒரு சுரம், திறந்தால் இன்னொரு சுரம். கர்நாடக இசையின் உயிரோ சுரங்களுக்கு நடுவே இருக்கிறது. ஒரு சுரம் அடுத்த சுரத்தை நோக்கிச் சரிவது, அசைவது, தொட்டுத் திரும்புவது ஆகியவற்றையே கமகம் என்கிறோம். பாடகரின் தொண்டை இதை இயல்பாகச் செய்யும். வயலினில் விரல் தந்தியின் மேல் வழுக்கிச் செல்லும். வீணையில் தந்தியை இழுக்கலாம். துளைகளுள்ள குழலில் என்ன செய்வது? சரப சாஸ்திரியும் சஞ்சீவராவும் குழலின் இயல்புக்கு ஏற்பத் துரிதமான, தெளிவான, இனிமையான ஒரு பாணியை உருவாக்கினார்கள். கேட்பவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. குழல் என்றால் இப்படித்தான் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

திருவிடைமருதூர்ப் பையன்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை நோக்கிச் செல்லும் ரயில் பாதையில் இருக்கும் ஊர் திருவிடைமருதூர். பெரிய சிவன் கோயில் உள்ள ஊர். சுவாமியின் பெயர் மகாலிங்கம். 1926 நவம்பர் 6இல் ராமசுவாமி ஐயருக்குப் பிறந்த பிள்ளைக்கும் அந்தப் பெயரே வைக்கப்பட்டது. காவிரிக் கரையின் இந்தப் பகுதியில் கோயில்தோறும் நாதஸ்வரம் ஒலித்த காலம் அது. திருவிடைமருதூர் வீருசாமிப் பிள்ளை போன்ற பெரிய நாதஸ்வர வித்துவான்களின் பெயரிலேயே அந்த ஊர் இருக்கிறது.

மாலியின் மாமா ஜால்ரா கோபால ஐயர் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக் கற்பித்து வந்தார். ஐந்து வயதில் மாலியும் அந்த வகுப்பில் உட்கார்ந்தான். பாட்டுத்தான் பாடம். ஆனால் பையனின் கண் குழல் மேல் இருந்தது. உடல் பலவீனமான பிள்ளை, ஊதுவது ஆகாது என்று வீட்டில் தடுத்தார்கள். அவன் கேட்கவில்லை. ஒருவருக்கும் தெரியாமல் ஊதிப் பழகினான். பைரவி ராகத்தில் அமைந்த விரிபோணி வர்ணத்தை அவன் தானாகவே குழலில் வாசிப்பதை மாமா ஒருநாள் கேட்டார். அட தாளத்தில் அமைந்த அந்த வர்ணம் பாடுபவர்களுக்கே எளிதானதல்ல. அதன் பிறகு தடை நீங்கியது. மாமாவே கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்.

மாலியின் வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய முதல் விடயம் இதுதான். அவருக்குக் குழல் கற்பித்த குழல் ஆசிரியர் யாரும் இல்லை. பாட்டைக் கேட்டு அதைக் குழலுக்குள் கொண்டுவர முயன்ற பிள்ளை அவர். குழலை எப்படிப் பிடிக்க வேண்டும், எந்த விரல் எங்கே இருக்க வேண்டும் என்ற பழைய விதிகள் அவருக்கு முறையாகச் சொல்லப்படவில்லை. எனவே அவற்றைப் பின்பற்ற வேண்டிய தேவையும் ஏற்படவில்லை.

ஏழு வயதில் மேடை

1933இல் சென்னை மயிலாப்பூரில் நடந்த தியாகராஜர் விழாவில் மாலியின் முதல் கச்சேரி நடந்தது. ஏழு வயது. சபையில் முசிறி சுப்பிரமணிய ஐயரும் பரூர் சுந்தரம் ஐயரும் இருந்தார்கள். முசிறி அன்றைய முன்னணிப் பாடகர். பரூர் சுந்தரம் ஐயர் வயலின் மரபொன்றின் தலைவர். வாசிப்பைக் கேட்ட இருவரும் எழுந்து சென்று ஒரு சால்வையை வரவழைத்துச் சிறுவனுக்குப் போர்த்தினார்கள் என்று மாலியின் வரலாற்றை எழுதியவர்கள் பதிவுசெய்கிறார்கள்.

அதிலிருந்து மாலிக்குச் சிறுவர் பருவம் என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. ஊர் ஊராகக் கச்சேரிகள். முன்வரிசையில் பெரியவர்கள். பக்கத்தில் வயதில் தந்தைக்குச் சமமான பக்கவாத்தியக்காரர்கள். பதின்ம வயது முடியுமுன்பே அவர் தென்னிந்தியாவின் நட்சத்திரக் கலைஞர்.

2023இல் மலையகத்துச் சிறுமி ஒருவர் தமிழகத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் பங்கேற்றபோது நாடே பார்த்தது. தோட்டம் தோட்டமாக மக்கள் பெருமைப்பட்டார்கள். பெருமை நியாயமானது. அதேநேரம் மாலியின் வாழ்க்கை ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. ஏழு வயதில் கிடைக்கும் சால்வை கனமானது. அடுத்த கச்சேரியில் அதைவிட நன்றாக வாசிக்க வேண்டும். அதற்கடுத்ததில் இன்னும் நன்றாக. எதிர்பார்ப்பின் பாரத்தைச் சுமக்கும் பிள்ளைக்குக் களைத்துப் போகும் உரிமை கூட இருப்பதில்லை. பின்னாளில் மாலி மேடையை விட்டு விலகி விலகிப் போனதை இந்தத் தொடக்கத்துடன் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கிளி கிளையைப் பிடிப்பதுபோல

மாலி செய்த மாற்றம் தொழில்நுட்பமானது. ஆனால் அதைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

விரல் நுனியால் துளையை மூடினால் அது மூடியிருக்கும், அல்லது திறந்திருக்கும். நடுவில் நிற்பது சிரமம். மாலி விரல்களைக் குழலின் மேல் வேறுவிதமாகப் படியவைத்தார். கிளி ஒரு கிளையைக் கால்விரல்களால் பற்றிக்கொள்வதுபோல விரல்கள் குழலைச் சுற்றிப் படியும். இதனாலேயே இந்த முறைக்குக் கிளிப்பிடி என்ற பொருளில் ஒரு பெயர் நிலைத்தது. விரலின் சதைப்பகுதி துளையின் மேல் இருப்பதால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக மூடலாம். பாதித் துளையில் நிற்கலாம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லலாம். இத்துடன் சுவர் தடித்த மூங்கிலைத் தேர்ந்தெடுத்தார். உதட்டின் கோணத்தையும் மூச்சின் அழுத்தத்தையும் மாற்றினார். ஒரே சுரத்தை மிக மெல்லிய ஒலியிலும் முழங்கும் ஒலியிலும் கொண்டுவர இதனால் முடிந்தது.

விளைவு என்ன? குழல் பாடத் தொடங்கியது. ஆலாபனையில் பாடகர் ஒரு சுரத்தைப் பிடித்து மெதுவாக அசைப்பதை மாலி மூங்கிலில் செய்தார். ஒரு கீர்த்தனையை அவர் வாசித்தால் அதன் சொற்கள் கேட்பவர் மனதில் தாமாக வந்தன. சொல்லின் அழுத்தம் எங்கே விழ வேண்டுமோ அங்கே மூச்சும் விழுந்தது. மெதுவான ராகங்கள் குழலுக்குப் பொருந்தாது என்ற பழைய எண்ணம் அத்துடன் தகர்ந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் வட இந்தியாவில் பன்னாலால் கோஷ் இதற்கு இணையான வேலையைச் செய்துகொண்டிருந்தார். 1911இல் இன்றைய பங்களாதேஷின் பரிசாலில் பிறந்த அவர் நீளமான, கனத்த ஒலியுள்ள மூங்கில் குழலை உருவாக்கி ஹிந்துஸ்தானி மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் மாற்றியது குழலின் அளவை. மாலி முக்கியமாக மாற்றியது கையை. இருவருமே குழலைக் குரலுக்கு அருகில் கொண்டுவரத்தான் உழைத்தார்கள்.

மேடையில் மாலி

மாலிக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர்களின் பட்டியலே ஒரு வரலாறு. வயலினில் மைசூர் சௌடையா, டி.என். கிருஷ்ணன், லால்குடி ஜெயராமன். மிருதங்கத்தில் பாலக்காடு மணி ஐயர். இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே கூட்டத்தை இழுக்கக்கூடியவர்கள். மாலியுடன் அமரும்போது அவர்களும் உன்னிப்பாக இருக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் அடுத்த நிமிடம் மாலி எங்கே போவார் என்று எவருக்கும் தெரியாது.

அவரது தாள அறிவு கடுமையானது. கணக்குகளைச் சுமையாகக் காட்டாமல் வாசிப்பின் ஓட்டத்துக்குள் ஒளித்துவைப்பார். எல்லாவற்றையும் விட அவர் மௌனத்தைப் பயன்படுத்திய விதத்தை ரசிகர்கள் அதிகம் பேசுகிறார்கள். ஒரு சொற்கட்டின் நடுவே நிறுத்திவிடுவார். தாளம் ஓடிக்கொண்டிருக்கும். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு எதிர்பாராத இடத்தில், மிகச் சரியான சுரத்தில் மீண்டும் எடுப்பார். இன்று கிடைக்கும் பழைய ஒலிப்பதிவுகளில் இந்த இடைவெளிகளை நீங்களே கேட்கலாம்.

மாலி வயலினும் வாசிப்பார். குழலில் அவர் தேடிய வழுக்கல் தந்தி வாத்தியத்தில் எவ்வளவு இயல்பாக வரும் என்பது அவருக்குக் கையாலேயே தெரிந்திருந்தது.

திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கப்பட்டது. அதன் ஒலிபரப்பு பாக்கு நீரிணையைத் தாண்டி இலங்கைக்கும் கேட்டது. எமது முந்தைய தலைமுறையினர் தமிழகத்துக் கர்நாடக இசையைச் சபாக்களில் உட்கார்ந்து கேட்டவர்கள் அல்லர். கடை வாசலிலோ, பெரிய வீடொன்றின் விறாந்தையிலோ இருந்த வானொலிப் பெட்டியில் கேட்டவர்கள். புல்லாங்குழல் வானொலிக்கு மிகவும் பொருத்தமான வாத்தியம். இரைச்சலுக்கு நடுவிலும் அதன் ஒலி தனியாகத் தெரியும்.

வராத மாலி

மாலியைப் பற்றி எவரிடம் கேட்டாலும் முதலில் வரும் கதைகள் இசையைப் பற்றியவை அல்ல. அறிவித்த கச்சேரிக்கு வராமல் போனது. வந்தும் தாமதமாக மேடையேறியது. பாதியில் எழுந்து போனது. குடிப்பழக்கம். இவை கட்டுக்கதைகள் அல்ல. மாலியின் நாட்களில் சபா நடத்துபவர்கள் அவரை ஒப்பந்தம் செய்வது ஒரு சூதாட்டம் போல இருந்தது. ஆயினும் மண்டபம் நிறைந்தது. வருவாரா மாட்டாரா என்று தெரியாமலே மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள். வந்து, மனம் வைத்து வாசித்தால் அந்த இரவை வாழ்நாள் முழுதும் பேசலாம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது.

இக்கதைகளைச் சொல்லிச் சிரிப்பது எளிது. மேதை என்றால் அப்படித்தான் இருப்பான் என்று நியாயப்படுத்துவதும் எளிது. இரண்டுமே அந்த மனிதரைக் காணாமல் செய்துவிடுகின்றன. மதுப்பழக்கம் ஒரு நோய். அது எந்தக் குடும்பத்தில் புகுந்தாலும் என்ன செய்யும் என்பது மலையகத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாலியின் குடி அவரது இசைக்குக் காரணம் அல்ல. அது அவரிடமிருந்து கச்சேரிகளையும் ஆண்டுகளையும் பறித்துக்கொண்டது. காத்திருந்து ஏமாந்த ரசிகருக்கும், பக்கவாத்தியத்துக்கு வந்து வெறுங்கையுடன் திரும்பிய கலைஞருக்கும் நேர்ந்த நட்டமும் உண்மையானது. இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு கலைஞரின் நூற்றாண்டில் நம்மிடம் மிஞ்சுவது இந்தக் கதைகள் மட்டுமே என்றால், இழப்பு நமக்குத்தான்.

விலகலும் மறுப்பும்

மாலி நீண்ட இடைவெளிகள் எடுத்துக்கொண்டார். மேடையை விட்டு விலகியிருப்பார், பின் திரும்புவார். வாழ்க்கையின் பிற்பகுதியில் பெங்களூரு அவரது ஊராயிற்று. பின்னர் அமெரிக்கா சென்றார். அமெரிக்கப் பெண் ஒருவரை மணந்து சில ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். காவிரிக் கரையில் பிறந்த குழல் கலைஞர் கடல் கடந்து, கச்சேரி வட்டாரத்தின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வாழ்ந்த காலம் அது. 1980களின் நடுப்பகுதியில் இந்தியா திரும்பினார்.

1986இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருதை அறிவித்தது. மாலி அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு மே 31ஆம் திகதி பெங்களூரில் காலமானார். 60 வயதை எட்ட இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன.

சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டியலிலும் மாலியின் பெயர் கிடையாது. அவருக்கு முன் பல்லடம் சஞ்சீவராவ் பெற்றிருக்கிறார். மாலியின் காலத்தில் திருப்பாம்புரம் சுவாமிநாதப் பிள்ளை 1953இல் பெற்றார். மாலியின் மறைவுக்குப் பின் டி. விஸ்வநாதன் 1988இலும், மாலியின் சொந்த மாணவரான என். ரமணி 1996இலும் பெற்றார்கள். சிக்கில் சகோதரிகள் குஞ்சுமணியும் நீலாவும் 2002இல் பெற்றார்கள். குழல் கலைஞர்களின் இந்த வரிசையில், குழலின் போக்கையே மாற்றியவருக்கு இடமில்லை.

இது யாருடைய தவறு என்று விவாதிக்கலாம். நேரத்துக்கு வராத ஒருவரை ஒரு நிறுவனம் எப்படிக் கொண்டாட முடியும் என்று கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. ஆனால் விருதுப் பட்டியலை மட்டும் வைத்து ஒரு கலையின் வரலாற்றை எழுதினால் அதன் நடுவிலேயே ஒரு பெரிய ஓட்டை விழும் என்பதற்கு மாலியை விடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

கையில் எஞ்சியது

மாலியிடம் கற்றவர்கள் அவரது முறையைத் தங்கள் தங்கள் வழியில் கொண்டுசென்றார்கள். டி.எஸ். சங்கரன், பிரபஞ்சம் சீதாராம், என். கேசி, திண்டுக்கல் எஸ்.பி. நடராஜன் ஆகியோர் அவர்களில் சிலர். திருவாரூரில் 1934இல் பிறந்த ரமணி உலகம் முழுதும் அறியப்பட்டார். குருவிடமிருந்து விரல் முறையை எடுத்துக்கொண்டார். ஹிந்துஸ்தானிக் குழலின் வழியில் நீளமான, தாழ்ந்த சுருதிக் குழலையும் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தார். நேரந்தவறாத, ஒழுங்கான கச்சேரி வாழ்க்கை அவருடையது. குருவிடம் எதைக் கற்க வேண்டும், எதைக் கற்கக்கூடாது என்பதை அவர் வாழ்ந்து காட்டினார் எனலாம். 2015இல் அவர் மறைந்தார்.

இன்று கர்நாடகப் புல்லாங்குழல் கற்கும் ஒரு பிள்ளை சென்னையிலோ, யாழ்ப்பாணத்திலோ, கண்டியிலோ, டொரன்டோவிலோ இருக்கலாம். ஆசிரியர் அந்தப் பிள்ளையின் விரலைப் பிடித்துத் துளையின் மேல் படியவைக்கும்போது பெரும்பாலும் மாலி கண்டுபிடித்த இடத்தில்தான் வைக்கிறார். பிள்ளைக்கு மாலியின் பெயர் தெரியாமலும் இருக்கலாம். ஆனாலும் அந்தக் கைக்குள் அவர் இருக்கிறார்.

இன்னொரு விதத்திலும் அவர் எஞ்சினார். மாலி வாழ்ந்த காலத்தில் வெளியான இசைத்தட்டுகள் அவரது புகழுக்கு ஏற்ற அளவில் இல்லை. நாம் இன்று கேட்கும் மாலியின் பெரும்பகுதி சபாக்களிலும் வீடுகளிலும் ரசிகர்கள் பதிவுசெய்த ஒலிநாடாக்களிலிருந்தும் வானொலிப் பதிவுகளிலிருந்தும் வந்தது. பெரிய சுருள் நாடாக்கள் கைமாறின. பின்னர் அவை கசெட்டுகளாயின. இப்போது இணையத்தில் இருக்கின்றன. ஒலியில் இரைச்சல் உண்டு. யாரோ இருமுவது கேட்கும். ஆனால் அந்த மூச்சு அப்படியே இருக்கிறது. பெயர் வெளியே தெரியாத எத்தனையோ ரசிகர்கள் எந்த நிறுவனமும் செய்யாத வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குழலை மேடையேற்றிய சரப சாஸ்திரியின் வாசிப்பை இன்று கேட்க வழியில்லை. அவர் காலத்தில் நாடா இருக்கவில்லை. மாலிக்கு அந்த வாய்ப்பு இருந்தது.

அயர்லாந்தின் ஒரு கிராமம்

இப்படி ஓசையின் வழியாக ஒரு குழல் கலைஞரைக் காத்த இன்னொரு சமூகம் அயர்லாந்தில் இருக்கிறது. அங்குள்ள மக்கள் இசையில் வாசிக்கப்படுவது மரத்தால் செய்த குழல். 1847இல் ஜெர்மனியின் தியோபால்ட் போம் சாவிகள் பொருத்திய புதிய வகைக் குழலை உருவாக்கிய பின், ஐரோப்பிய இசைக்குழுக்கள் பழைய மரக்குழல்களை மெல்ல மெல்லக் கைவிட்டன. அயர்லாந்தின் கிராமத்து மக்கள் அவற்றை எடுத்துத் தங்கள் நடன இசைக்குப் பயன்படுத்தினார்கள்.

லெயிட்ரிம் என்ற வறிய மாவட்டத்தில் 1880இல் பிறந்த ஜான் மெக்கென்னா அந்தக் குழலுடன் நியூயோர்க்குக்குப் புலம்பெயர்ந்தார். அங்கே தீயணைப்பு வீரராக வேலை பார்த்தார். 1920களிலும் 1930களிலும் அவர் வாசித்த இசைத்தட்டுகள் கப்பலேறி அயர்லாந்துக்குத் திரும்பின. ஊரில் இருந்த இளைஞர்கள் அந்தத் தட்டுகளைக் கேட்டே வாசிக்கப் பழகினார்கள். 1947இல் அவர் இறந்தார். இன்றும் அவரது பிறந்த பகுதியில் அவரது பெயரில் ஒரு சங்கம் இயங்குகிறது. ஆண்டுதோறும் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தின் நடுநாயகம் வாசிப்புத்தான். அவர் வாசித்த மெட்டுகளை அவருடைய ஊர்க்காரர்கள் வாசிக்கிறார்கள், சிறுவர்கள் கற்கிறார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர்களின் இசையை ஊர் திரும்ப எடுத்துக்கொண்ட கதை இது. கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு இது அந்நியமான கதையல்ல.

நாம் என்ன செய்கிறோம்?

நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கிறது. தப்பும் உறுமியும் ஒலிக்கின்றன. அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்துகளைப் பாடத் தெரிந்த முதியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் அடி உண்டு, ஒரு பாட்டு முறை உண்டு. ஒரு முதியவர் இறந்தால் அந்தத் தோட்டத்தின் அடியும் அவருடன் போய்விடுகிறது. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சில் ஏற்றியதால் சொற்களில் ஒரு பகுதியாவது மிஞ்சியது. ஓசை மிஞ்சவில்லை. நம் தப்புக் கலைஞர்களில் பலர் சரப சாஸ்திரியின் நிலையில்தான் இருக்கிறார்கள். பெயர் இருக்கும், வாசிப்பு இருக்காது.

சரப சாஸ்திரியின் காலத்தில் இல்லாத வசதி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. கையடக்கத் தொலைபேசியில் நாம் கூத்தைப் பதிவுசெய்யாமல் இல்லை. முப்பது விநாடி எடுக்கிறோம், முகநூலில் போடுகிறோம், மறந்துவிடுகிறோம். மாலியின் ரசிகர்கள் முழுக் கச்சேரியைப் பதிவுசெய்தார்கள். எந்த ஊர், யார் யார் வாசித்தார்கள் என்று குறித்துவைத்தார்கள். பல பத்தாண்டுகள் பாதுகாத்தார்கள். பிறருக்குக் கொடுத்தார்கள். வித்தியாசம் கருவியில் இல்லை.

இதைச் செய்ய அமைச்சும் நிதியும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பாடசாலையின் சங்கீத ஆசிரியர், உயர்தர மாணவர்கள் நால்வர், ஒரு விடுமுறை நாள் இருந்தால் தொடங்கலாம். ஒரு முதியவரை உட்காரவைத்து, அவர் அறிந்த அடிகளை ஒவ்வொன்றாக, முழுமையாக, பெயருடன் பதிவுசெய்யலாம். அதைவிட முக்கியமாக, ஒரு பிள்ளை அவர் பக்கத்தில் அமர்ந்து அந்த அடியைத் தன் கையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒலிப்பதிவு ஓசையைக் காக்கும். கையைக் காப்பது கைதான்.

கோயில் திருவிழாக் கடைகளில் பலூன்களுக்கும் வளையல்களுக்கும் நடுவே மூங்கில் குழல்கள் தொங்கும். பிள்ளைகள் வாங்கி இரண்டு நாள் ஊதுவார்கள். மூன்றாம் நாள் வீட்டில் சத்தம் போடுவார்கள், குழல் கூரைக்கு மேல் போய்விடும். திருவிடைமருதூரில் ஒரு பிள்ளையை ஊத வேண்டாம் என்று தடுத்த வீடும் இப்படித்தான் இருந்திருக்கும். அந்தப் பிள்ளை ஒளித்து வைத்து ஊதியது. ஒருவர் நின்று கேட்டார். இந்த நூற்றாண்டில் மாலிக்குச் செய்யக்கூடிய மரியாதை அதுவே. அவரது பதிவு ஒன்றை முழுதாகக் கேட்போம். பக்கத்து வீட்டில் யாராவது எதையாவது வாசித்தால், அதையும் கொஞ்சம் நின்று கேட்போம்.